ஏ.கே. செட்டியார்: படச்சுருள்களின் பதிப்பாசிரியர்

ஆய்வுச்சுருக்கம்

பயண இலக்கிய முன்னோடியாகத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுள்ள ஏ.கே. செட்டியார் (1911–1983), 1940ஆம் ஆண்டு மகாத்மா காந்தி பற்றிய முழுநீள ஆவணப்படத்தை உருவாக்கியவர். படப்பிடிப்பு நிலையமோ பெருமுதலாளியின் ஆதரவோ இன்றி, உலகின் பல பகுதிகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி அவர் இப்படத்தைத் தொகுத்தார். அவருடைய திரைப்பணியும் ‘குமரி மலர்’ இதழ்ப்பணியும் தனித்தனியே பேசப்பட்டு வருகின்றன. இரண்டும் ஒரே பதிப்பு நெறியின் இருவேறு வெளிப்பாடுகள் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. தமிழ் வடிவப் படம் இன்று கிடைக்காமல் போனதை ஒரு பாட இழப்பாகக் கருதவேண்டிய தேவையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஏ.கே. செட்டியார், ஆவணப்படம், காந்தி, செட்டிநாடு, குமரி மலர், பதிப்பு, ஆவணக் காப்பு.

முன்னுரை

கைப்பொருள் குறைந்த ஒருவர் திரைப்படம் எடுக்க முற்படுவது இன்றும் அரிய செயலே. 1930களில் அது ஏறத்தாழ இயலாத செயல். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல்தான் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் தமிழ்த் திரையுலகம் பெருமுதலீட்டுத் தொழிலாக வளர்ந்தது. அக்காலத் திரைப்படங்களிற் பெரும்பாலானவை புராணக் கதைகள், மேடையில் வெற்றி பெற்ற நாடகங்கள், பாடவல்ல நடிகர்கள் ஆகியவற்றை நம்பியே எடுக்கப்பட்டன. கதையும் நடிகரும் இல்லாத ஒரு படத்தை, இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த ஒருவரின் வரலாறாக, இரண்டு மணிநேரத்திற்கு மேல் ஓடும் அளவில் எடுக்க ஒருவர் எண்ணியதும் எண்ணியபடி முடித்ததும் தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கன.

அவ்வாறு எண்ணியவர் ஏ.கே. செட்டியார் என அறியப்படும் அ. கருப்பன் செட்டியார். உலகம் சுற்றிய தமிழன் என்னும் அடைமொழி அவருக்கு நிலைத்துவிட்டது. அவ்வடைமொழி அவருடைய பயணத்தை முன்னிறுத்தி, பயணத்தின் நோக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. இலக்கிய வரலாற்று நூல்கள் அவரைப் பயண நூலாசிரியராகவும், திரைப்பட வரலாறுகள் காந்தி படம் எடுத்தவராகவும், இதழியல் ஆய்வுகள் ‘குமரி மலர்’ ஆசிரியராகவும் குறிப்பிடுகின்றன. இம்மூவரும் ஒருவரே என்னும் உண்மை தெரிந்ததாயினும், இம்மூன்று பணிகளையும் இணைத்த நெறி எது என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த மண்ணும் காலமும்

ஏ.கே. செட்டியார் 1911ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கோட்டையூரில் பிறந்தார். காரைக்குடியை அடுத்த கோட்டையூர் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. நகரத்தார் வாழும் ஊர்களின் தொகுதியான செட்டிநாடு என்னும் நிலப்பரப்பு அன்றைய ஆட்சி எல்லைகளுக்குள் அடங்கியதன்று. அதன் ஒரு பகுதி ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தது. இராயவரம், குழிபிறை, விராச்சிலை, இராமச்சந்திரபுரம் முதலிய ஊர்களைக் கொண்ட மற்றொரு பகுதி தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைத் தனியரசில் இருந்தது. 1948ஆம் ஆண்டு புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணையும்வரை இந்நிலை நீடித்தது. ஆட்சி எல்லை இவ்வூர்களைப் பிரித்தாலும், திருமண உறவும் வட்டித் தொழிலும் கோயில் வழிப்பட்ட பிரிவுகளும் அவற்றை ஒன்றாகவே வைத்திருந்தன.

இந்நிலப்பரப்பின் இளைஞர் தலைமுறை ஒன்று 1930களில் செல்வத்தை வேறு திசைகளில் செலுத்தத் தொடங்கியது. கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் கல்வி நிறுவனங்களை எழுப்பினார். காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வணிகத்திலிருந்து திரைப்படத் தயாரிப்புக்கு வந்தார். புதுக்கோட்டைத் தனியரசின் இராயவரத்தில் 1912இல் பிறந்த வை. கோவிந்தன் ‘சக்தி’ இதழையும் பதிப்பகத்தையும் நடத்தி, மலிவுப் பதிப்பு என்னும் கருத்தைத் தமிழில் வேரூன்றச் செய்தார். கோட்டையூரிலேயே ரோஜா முத்தையா அச்சு நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். அத்தொகுப்பே பின்னர்ச் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று.

இப்பட்டியலில் ஏ.கே. செட்டியாரை எங்கே வைப்பது என்பது சிந்திக்கத்தக்கது. மெய்யப்பரைப் போல அவரும் திரைத்துறைக்கு வந்தார். ஆயினும் அதைத் தொழிலாக ஆக்கிக்கொள்ளவில்லை. கோவிந்தனைப் போல இதழ் நடத்தினார். முத்தையாவைப் போலப் பழையனவற்றைத் தேடினார். திரை, இதழ், தேடல் ஆகிய மூன்றும் அவரிடத்தில் ஒருங்கே அமைந்தன.

இரங்கூன் வாழ்க்கை

திருவண்ணாமலையில் பள்ளிக் கல்வி பெற்ற செட்டியார் இளமையிலேயே எழுத்தின்மீது நாட்டம் கொண்டார். பின்னர்ப் பர்மா சென்று, இரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நகரத்தார் சமூகத்தின் குரலாக விளங்கிய அவ்விதழ், கடல்கடந்து வாழ்ந்த தமிழ் வணிகர்களின் நலன்களையும் கவலைகளையும் பதிவு செய்தது.

அக்கவலைகள் சிறியன அல்ல. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் வட்டிக்கடைகளின் கைக்கு மாறின. அதனால் பகைமையும் வளர்ந்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. கண்ணெதிரே நிகழும் மாற்றங்களை அன்றன்றே எழுதி வைக்காவிடில் அவை தடமின்றி மறையும் என்பதை ஓர் இளம் இதழாசிரியர் உணர்வதற்கு இரங்கூனைவிடப் பொருத்தமான இடம் அன்று இருந்திருக்க முடியாது. செட்டியாரின் எழுத்து நடையில் பின்னாளில் காணப்படும் சுருக்கமும், கண்டதை மட்டும் கூறும் கட்டுப்பாடும் இதழியல் தந்த பயிற்சி எனலாம்.

தோக்கியோவும் நியூயார்க்கும்

1930களின் நடுப்பகுதியில் செட்டியார் புகைப்படக் கலை பயில ஜப்பான் சென்றார். மேற்கல்விக்கு இங்கிலாந்தை நாடுவதே வழக்கமாயிருந்த காலத்தில் தோக்கியோவைத் தேர்ந்தமை கவனத்திற்குரியது. அங்கிருந்து அமெரிக்கா சென்று, 1937இல் நியூயார்க்கில் புகைப்படப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

இப்பயிற்சிக் காலம் அவருக்கு இருவகையில் பயன்பட்டது. ஒன்று, ஒளிப்படக் கருவி, படச்சுருள், கழுவுதல், படி எடுத்தல் ஆகிய தொழில்நுட்பங்களைத் தாமே அறிந்தார். பிறரை முழுவதும் நம்பிப் பணம் செலவிட வேண்டிய நிலையிலிருந்து இவ்வறிவு அவரைக் காத்தது. மற்றொன்று, செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் மக்களிடையே செல்வாக்குப் பெற்றுவந்த சூழலை நேரில் கண்டார். பாத்தே, கோமான், பாக்ஸ் போன்ற நிறுவனங்கள் உலக நிகழ்ச்சிகளை வாரந்தோறும் படமாக்கித் திரையரங்குகளுக்கு அனுப்பிவந்தன. காட்டி முடித்த சுருள்கள் அந்நிறுவனங்களின் கிடங்குகளில் அடுக்கப்பட்டன. அக்கிடங்குகளில் இந்தியாவும் இருந்தது, காந்தியும் இருந்தார். அவற்றைத் தேடிப் போகும் ஆள்தான் இல்லை.

கப்பலில் தோன்றிய எண்ணம்

1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற ‘சமாரியா’ என்னும் கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியின் பிறந்தநாள். காந்தியின் வாழ்வை ஆவணப்படமாக எடுக்கவேண்டும் என்னும் எண்ணம் அப்பயணத்தில்தான் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது 26 நிரம்பவில்லை.

எண்ணம் எளிது, அதை நிறைவேற்றுவதற்கான தடைகள் வெளிப்படையானவை. முதல் தடை, படத்தின் நாயகரே. காந்திக்குத் திரைப்படத்தின்மீது மதிப்பு இருக்கவில்லை. 1927இல் இந்தியத் திரைப்படத் துறையை ஆராய அரசு அமைத்த குழு அனுப்பிய வினாநிரலுக்கு, தாம் திரைப்படம் பார்த்ததில்லை என்றும் அதனால் விளையும் தீமை வெளிப்படை என்றும் கருத்துப்பட அவர் விடையளித்திருந்தார். 1931இல் இலண்டனில் சார்லி சாப்ளின் தம்மைக் காண விரும்பியபோது அவர் யார் என்பதைப் பிறர் எடுத்துக்கூறவேண்டியிருந்தது. இத்தகைய ஒருவர் ஒளிப்பதிவுக் கருவிக்கு முன் நின்று நடித்துக் காட்டுவார் என்று எதிர்பார்க்க இயலாது.

இரண்டாவது தடை காலம். காந்தியின் பொதுவாழ்வின் பெரும்பகுதி அதற்குள் நடந்து முடிந்திருந்தது. தென்னாப்பிரிக்கப் போராட்டம் 1914இல் முடிந்தது. தண்டி நடைப்பயணம் 1930இல் நிகழ்ந்தது. வட்டமேசை மாநாடு 1931இல் கூடியது. கடந்துபோன நிகழ்ச்சியை மீண்டும் படம்பிடிக்க வழியில்லை. நடிகர்களைக் கொண்டு அவற்றை மீட்டுருவாக்க வேண்டும். அல்லது நிகழ்ந்த காலத்தில் எவரேனும் எடுத்துவைத்த படச்சுருளைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வழிக்குப் பெரும் பணம் தேவை. இரண்டாவது வழிக்குப் பொறுமையும் பயணமும் தேவை. செட்டியார் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்.

பொருள் வழி

பிறந்த சமூகத்தைக் கொண்டு செட்டியாரைப் பெருஞ்செல்வர் என எண்ணுவது பிழையாகும். நகரத்தார் சமூகத்திலும் பெருந்தனக்காரர், நடுத்தரக் குடும்பத்தினர், கடைகளில் ஊதியத்திற்குப் பணிபுரிந்தோர் எனப் பல நிலையினர் உண்டு. செட்டியார் இதழாசிரியராக ஊதியம் பெற்று வாழ்ந்தவர். படம் எடுப்பதற்காக ‘டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்’ என்னும் நிறுவனத்தை அவர் தொடங்கினார். பங்கு நிறுவனம் என்னும் இவ்வமைப்பு, ஒருவரின் பெருமுதலை நம்பாமல் பலரின் சிறுமுதலைத் திரட்டுவதற்கு உகந்தது. ஒரு தனி முதலாளி இல்லாததால் படத்தின் உள்ளடக்கத்தை மாற்றும் அதிகாரமும் ஒருவர் கையில் குவியவில்லை.

இதனை அன்றைய திரைத்தொழிலின் அளவோடு ஒப்பிடுதல் தகும். காந்தி படம் வெளிவந்த அதே 1940இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘உத்தமபுத்திரன்’ வெளிவந்தது. புதுக்கோட்டையில் பிறந்த பி.யு. சின்னப்பா அதில் இரட்டை வேடம் ஏற்றார். ஒரே நடிகரை ஒரே படச்சட்டத்தில் இருவராகக் காட்டும் உத்தி, நிலையான படப்பிடிப்பு நிலையமும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பக் குழுவும் இருந்தமையாலேயே கைகூடிற்று. அப்படம் பெருவெற்றி பெற்று, சின்னப்பாவைத் தமிழகம் முழுவதும் அறிந்த நட்சத்திரமாக்கியது. அருகருகே அமைந்த இரண்டு ஊர்களிலிருந்து புறப்பட்ட இருவர், ஒரே ஆண்டில், திரைக்கலையின் இரு எதிரெதிர் எல்லைகளில் நின்றனர்.

செட்டியாருக்கு நிலையம் இல்லை. அரங்க அமைப்பு இல்லை. நடிகருக்குரிய ஊதியம் இல்லை. அவருடைய செலவுகள் கப்பல் கட்டணம், சுருள்களின் படி எடுக்கும் செலவு, உரிமைத் தொகை, தொகுப்பு, ஒலிச்சேர்க்கை என்னும் வகைகளில் அடங்கின. பணக் குறைவு அவருடைய படத்தின் வடிவத்தையே முடிவு செய்தது. இக்குறைவைப் படத்தின் குறைபாடாகக் கருதத் தேவையில்லை. கையில் பணம் மிகுந்திருந்தால், உப்பு அள்ளும் காட்சியை ஒரு கடற்கரையில் நடிகரைக் கொண்டு எடுக்கும் எண்ணம் எழுந்திருக்கக்கூடும். அது இல்லாமையால், உண்மையான தண்டிக் கடற்கரையில் நின்ற உண்மையான ஒளிப்பதிவாளரைத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. வறுமை இங்கே வரலாற்று நேர்மைக்குத் துணை நின்றது.

தேடலும் தொகுப்பும்

1937 முதல் 1940 வரையிலான காலத்தில் செட்டியார் இந்தியா, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா எனப் பல நிலப்பகுதிகளில் காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடினார். ஏறத்தாழ முப்பதாண்டுக் காலத்தில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடி நீளமுள்ள சுருள்கள் அவர் கைக்கு வந்தன. காந்தியோடு பழகியவர்களையும் அவர் சந்தித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்து அவர்களுள் ஒருவர். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடல்வழிப் பயணமும் நாடுவிட்டு நாடு சுருள்களை அனுப்புதலும் இடர் மிக்கனவாயின. அவர் சற்றுத் தாமதித்திருந்தாலும் இத்தேடல் பாதியில் நின்றிருக்கும்.

50,000 அடி என்பதன் பொருளை விளக்குதல் வேண்டும். 35 மில்லிமீட்டர் சுருள் பேசும்படத்தின் வேகத்தில் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். எனவே அவர் திரட்டியது ஒன்பது மணிநேரத்திற்கும் மேற்பட்ட காட்சி. அதிலிருந்து 12,000 அடி, அதாவது இரண்டேகால் மணிநேரத்திற்குச் சற்றுக் குறைவான படம் உருவாயிற்று. நான்கு பங்குக்கு ஒரு பங்கு மட்டுமே நிலைபெற்றது. எஞ்சியவற்றை விலக்கும் ஒவ்வொரு முடிவிலும் ஓர் ஒப்பீடு அடங்கியிருக்கும்: ஒரே நிகழ்ச்சியை இருவர் எடுத்திருந்தால் எதை ஏற்பது, நாளும் இடமும் தெளிவில்லாத சுருளை எங்கே வைப்பது, சிதைந்த பகுதியை விடுவதா சேர்ப்பதா என்பன அவை. மௌனப்படக் காலத்துச் சுருள்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. அவை ஒரு நொடிக்குக் குறைவான படச்சட்டங்கள் என்னும் வேகத்தில் எடுக்கப்பட்டவை. பேசும்படத்தின் வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளி நடப்பதுபோலத் தோன்றுவர்.

இவ்வினாக்கள் தமிழ் ஆய்வாளர்க்குப் புதியன அல்ல. சுவடிப் பதிப்பில் நாம் நாள்தோறும் எதிர்கொள்பவை இவை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டினார், பாடங்களை ஒப்பிட்டார், சிதைந்த இடங்களைச் சிதைந்தனவாகவே காட்டினார். மடங்களிலும் புலவர் வீட்டுப் பரண்களிலும் ஏடு தேடிய அப்பணியின் மறுவடிவத்தை, செய்திப்பட நிறுவனக் கிடங்குகளிலும் தனியார் பெட்டகங்களிலும் சுருள் தேடிய செட்டியாரிடம் காணலாம். காந்தியின் உருவத்தைப் படம்பிடித்தவர்கள் நூற்றுவர். அவற்றை ஒரு பனுவலாக்கியவர் ஒருவர். அவ்வகையில் அவரை இயக்குநர் என்பதினும் பதிப்பாசிரியர் என்பதே பொருந்தும்.

உலகத் திரை வரலாற்றிலும் இந்நெறிக்கு முன்மாதிரி உண்டு. சோவியத் நாட்டின் எஸ்பிர் ஷூப் என்னும் அம்மையார், பழைய செய்திப்படங்களையும் அரச குடும்பத்தின் சொந்தப் படச்சுருள்களையும் தேடித் தொகுத்து, ரொமானோவ் அரச மரபின் வீழ்ச்சியைப் பற்றிய படத்தை 1927இல் உருவாக்கினார். அவருக்கு அரசின் துணை இருந்தது. செட்டியாரோ அரசின் விருப்பத்திற்கு எதிரான பொருளை எடுத்துக்கொண்டார்.

திரையேற்றமும் அரசியல் சூழலும்

1940 ஆகஸ்ட் 23ஆம் நாள் காந்தி படம் தமிழ் விளக்கவுரையுடன் திரையிடப்பட்டது. டி.கே. பட்டம்மாளின் பாடல் அதில் இடம்பெற்றது. தெலுங்கு வடிவமும் தொடர்ந்து உருவாயிற்று. காந்தியைப் பற்றிய முழுநீள ஆவணப்படம் இந்திய மொழிகளுள் தமிழில் முதலில் பேசியது என்பது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் நினைவிற்கொள்ளவேண்டிய செய்தி.

அது வெளிவந்த சூழலையும் கருதுதல் வேண்டும். 1937இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் அமைந்த காங்கிரசு அமைச்சரவை 1939 இறுதியில் பதவி விலகியது. அவ்வமைச்சரவைக் காலத்தில் தணிக்கையின் பிடி தளர்ந்திருந்தது. கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ 1939இல் வெளிவர முடிந்தது. அமைச்சரவை விலகிய பின் அப்படம் தடை செய்யப்பட்டது. போர்க்கால அரசு விழிப்புடன் கண்காணித்த அத்தகைய வேளையில் காந்தி படம் மக்கள்முன் வந்தது. தமிழகத்தில் காட்டப்பட்ட பின், அரசின் கெடுபிடிக்கு அஞ்சி அது மறைத்து வைக்கப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது. படத்தைக் காண்பித்து முதலீட்டை மீட்கும் வழி இவ்வாறு அடைபட்டது.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது, புதுதில்லியில் அப்படம் இந்தி விளக்கவுரையுடன் காட்டப்பட்டது. அதே ஆண்டு, செட்டியாரின் ஊருக்கு அருகிலுள்ள காரைக்குடியில் உருவான ஏ.வி.எம். நிறுவனத்தின் ‘நாம் இருவர்’, பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களுடன் தமிழகமெங்கும் வெற்றி உலா வந்தது. தேசிய உணர்வு அப்போது திரைத்தொழிலுக்கு வருவாய் தரும் பொருளாகிவிட்டது. அவ்வுணர்வு இடர் தரும் பொருளாயிருந்த காலத்தில் அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவ்வருவாயில் பங்கு பெறவில்லை.

குமரி மலர்: அச்சில் தொடர்ந்த தொகுப்பு

1943இல் செட்டியார் ‘குமரி மலர்’ மாத இதழைத் தொடங்கினார். தம் மறைவுவரை, நாற்பதாண்டுக் காலம், ஏறத்தாழத் தனியொருவராகவே அதை நடத்தினார். ‘உலகம் சுற்றும் தமிழன்’, ‘மலேயா முதல் கனடா வரை’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘குடகு’ முதலிய பயண நூல்களையும் இயற்றினார். பெருந்திரள் வாசகரை நாடி இதழ்கள் கதைகளையும் வண்ணப் படங்களையும் நம்பிய காலத்தில், ‘குமரி மலர்’ பழைய இதழ்களின் கட்டுரைகளையும், மறந்துபோன அறிஞர்களின் எழுத்துகளையும், நூல்வடிவம் பெறாத பாரதி எழுத்துகளையும் தேடி வெளியிட்டது. அதன் பக்கங்கள் இன்று ஆய்வாளர்க்கு மூல ஆவணங்களாக விளங்குகின்றன.

இவ்விதழின் நெறியும் காந்தி படத்தின் நெறியும் ஒன்றே. பிறர் படைத்ததைத் தேடுதல், உரிய இடத்தில் வைத்தல், தொகுப்பாளர் தம்மை மறைத்துக்கொள்ளுதல் என்னும் மூன்று கூறுகளும் இரண்டிலும் உள்ளன. தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டி அவர் வெளியிட்ட ‘தமிழ்நாடு’ என்னும் தொகுப்பு இதற்குத் தக்க சான்று. பெரும் பயணியாகிய அவர் தம் சொந்த நாட்டைப் பற்றிய நூலில் பிறர் கண்களையே முன்னிறுத்தினார். காந்தி படத்தில் நூறு ஒளிப்பதிவாளர்களின் கண்கள் வழியே ஒருவரைக் காட்டியதற்கும், இத்தொகுப்பில் பல பயணிகளின் கண்கள் வழியே ஒரு நாட்டைக் காட்டியதற்கும் வேறுபாடு ஊடகத்தில் மட்டுமே உள்ளது.

சிறுபொருளில் பெருஞ்செயல் ஆற்றும் முறையையும் அவர் திரைப்பணியிலிருந்து இதழுக்குக் கொண்டுவந்தார். ஆள் குறைந்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் பிறர் விருப்பத்திற்கு வளையவேண்டிய தேவை குறையும். படத்தில் மூன்றாண்டு கைக்கொண்ட இம்முறையை இதழில் நாற்பதாண்டு கைக்கொண்டார். காந்தி படம் எடுத்த வரலாற்றையும் அவர் ‘குமரி மலர்’ இதழிலேயே எழுதினார். அக்கட்டுரைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் தலைப்பில் நூலாகப் பதிப்பித்தார். 1983 செப்டம்பரில் செட்டியார் மறைந்தார். இதழும் அவரோடு நின்றது.

பாட இழப்பு

1953இல் காந்தி படம் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் பெற்றது. ஹாலிவுட்டில் உருவான அவ்வடிவம் மூலத்தின் சுருக்கமே. செட்டியாரின் மறைவுக்குப் பின், வேங்கடாசலபதியின் தேடலில் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் அவ்வாங்கில வடிவத்தின் படி கண்டறியப்பட்டது. 1940இல் வெளிவந்த 12,000 அடி நீளமுள்ள தமிழ் வடிவம் கிடைக்கவில்லை.

இவ்விழப்புக்குக் காரணங்கள் உள. அன்றைய படச்சுருள் நைட்ரேட் வகையைச் சார்ந்தது. அது எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாவிடினும் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒட்டிக்கொண்டு, நாளடைவில் பொடியாகும். தமிழகத்தின் தட்பவெப்பத்தில் அதைக் காப்பதற்குக் குளிரூட்டிய கிடங்கு வேண்டும். இந்தியாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964இல்தான் நிறுவப்பட்டது. படம் வெளிவந்ததற்கும் காப்பகம் தோன்றியதற்கும் இடைப்பட்ட 24 ஆண்டுகளில், தனி மனிதர் ஒருவரால் ஒரு படத்தைக் காத்தல் அரிது. அச்சு நூலாயின் சில நூறு படிகளேனும் ஊர்தோறும் பரவியிருக்கும். அவற்றுள் ஒன்றிரண்டு ஏதேனும் ஒரு பரணில் எஞ்சியிருக்கும். படத்தின் படிகளோ எண்ணிக்கையில் மிகச் சில. எடுப்பதற்கு இருந்த அதே பணக்குறைவு, கூடுதல் படிகள் எடுத்துக் காப்பதையும் தடுத்தது எனக் கருத இடமுண்டு. சிறு முதலில் உருவாகும் படங்களுக்கு இன்றும் உள்ள பெரும் இடர் இதுவே: அவை எடுக்கப்படுகின்றன, காட்டப்படுகின்றன, காக்கப்படுவதில்லை.

தமிழ் ஆய்வுலகம் இழந்த நூல்களுக்குப் பட்டியல் வைத்துள்ளது. உரையாசிரியர்கள் எடுத்தாண்ட சில அடிகளை மட்டும் கொண்டு, மறைந்துபோன காப்பியங்களைப் பற்றி ஆராய்கிறோம். காந்தி படத்தின் தமிழ் விளக்கவுரையும் அத்தகைய மறைந்த பனுவலே. அது எந்நடையில் அமைந்தது, எவ்வரிசையில் காட்சிகளை அடுக்கியது, தமிழ் மக்களுக்குக் காந்தியை எவ்வாறு அறிமுகம் செய்தது என்பன இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரலாற்றுக்குரிய வினாக்கள். இவற்றைத் திரைப்பட ஆய்வாளர்க்கு உரியன என ஒதுக்கிவிடுதல் முறையாகாது.

தேடலுக்கான வழிகள் முற்றும் அடைபடவில்லை. அக்காலப் படங்களுக்கு வெளியிடப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், திரையரங்குத் துண்டறிக்கைகள், நாளிதழ் விளம்பரங்கள், மதிப்புரைகள், தணிக்கைக் குறிப்புகள் ஆகியன படத்தின் உள்ளடக்கத்தை ஓரளவேனும் மீட்டுத் தரக்கூடும். செட்டிநாட்டு இல்லங்களின் பெட்டகங்களும், புதுக்கோட்டை ஞானாலயா, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சேகரங்களும் இந்நோக்கில் மீண்டும் நாடப்படவேண்டும். புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் கல்லூரித் தமிழ்த்துறைகள் சுவடி தேடும் திட்டங்களில் படச்சுருள், பாட்டுப் புத்தகம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வது எளிதில் இயலும் முதற்படியாகும்.

முடிவுரை

ஏ.கே. செட்டியாரின் வாழ்க்கையை மேற்கண்டவாறு நோக்கும்போது பின்வரும் கருத்துகள் தெளிவாகின்றன.

காந்தி படத்தின் தொகுப்பு வடிவம், பணக்குறைவும் கடந்த காலத்தை மீட்கவேண்டிய தேவையும் கூடி ஈன்ற வடிவமாகும். அதன் செயல்முறை சுவடிப் பதிப்பின் செயல்முறையோடு ஒத்தது.

அந்நெறியே ‘குமரி மலர்’ இதழிலும் ‘தமிழ்நாடு’ தொகுப்பிலும் தொடர்ந்தது. எனவே அவரைப் பயண நூலாசிரியர் என்னும் ஒரு கூற்றுக்குள் அடக்காமல், பதிப்பு வரலாற்றிலும் வைத்து ஆராய்தல் வேண்டும்.

தமிழ் வடிவப் படத்தின் இழப்பு தமிழ்ப் பனுவல் ஒன்றின் இழப்பாகும். அதன் எச்சங்களைத் தேடுதல் தமிழ்த்துறைகளின் கடமைகளுள் ஒன்று.

பிறர் எடுத்த சுருள்களைத் தேடி உலகைச் சுற்றியவரின் சுருள்களைத் தேட, நாம் உலகைச் சுற்றவேண்டியதில்லை. தேடலைக் கோட்டையூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் தொடங்கலாம்.